புதுப்பிப்பு: மட்டக்களப்பிலிருந்து வந்த தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட்

கடலோரத்தில் பத்து வருடம் நின்ற இரும்பு ஸ்டாண்டை ஹட்டனுக்குக் கொண்டுவந்து, கறளைச் சுரண்டி பெயின்ட் அடித்தும் ஏன் கொப்பளிக்கிறது என்று தீபாவளிக்கு முன் கேட்டிருந்தேன். இங்குள்ள மழைதான் காரணம் என்றும் அடித்துச் சொன்னேன். தப்பு.

வெல்டிங் பாஸ் ஒரு கொப்புளத்தைக் குத்தினார், உள்ளே தண்ணீர். கறள் குழிகளில் ஒளிந்திருந்த கடல் உப்பு வயர் பிரஷுக்குப் போகாது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு ஈரத்தை இழுக்கும். எங்கள் மூடுபனிக்குச் சொல்லவா வேண்டும்! ஈரம் பெயின்ட்டை ஊடுருவியே உள்ளே போகும்.

நல்ல வெயிலுக்காக நான்கு நாள் காத்திருந்தோம். அப்புறம் பெயின்ட்டை உரித்து, நல்ல தண்ணீரில் மூன்று தரம் தேய்த்துக் கழுவி, காய்ந்த கையோடு துத்தநாக பாஸ்பேட் பிரைமர் (கறளைத் தடுக்கும் அடிப்பூச்சு). கூர் விளிம்புகளில் பூச்சு மெல்லிசாகிவிடும் என்பதால் அங்கே கூடுதலாக ஒன்று.

ஆறு வாரமாகக் கொப்புளம் இல்லை. ஒரே ஒரு போல்ட் தலையில் மட்டும் கறள். அதைக் கழுவ மறந்துவிட்டோம்.