ஸ்டோர் மூடிக் கிடக்கு, ரோதமுனி எங்கே போகும்? உங்கள் தோட்டத்துச் சாமிகளைப் பற்றிச் சொல்லுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம். அப்பா இருபத்தாறு வருஷம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர், முதலில் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தில், அப்புறம் கொழுந்து சுருட்டும் ரோலர் அறையில். நான் இப்போது வெள்ளவத்தையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாசியில் ஊருக்குப் போனபோது நடந்த ஒன்றை எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

ஸ்டோரை மூடி ஏழு வருஷம் ஆகிறது. கொழுந்தெல்லாம் லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் இல்லை. அன்றைக்குக் காலையில் அப்பா ஒரு ஷாப்பிங் பையில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு சுருட்டு எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கேப்பா என்றேன். "ரோதமுனிக்கு" என்றார். ஸ்டோரே இல்லையே என்றேன். "ஸ்டோர் இல்லன்னா முனி எங்கடா போகும்?" என்று கேட்டுவிட்டு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். பழைய ஸ்டோர்களில் ஒரே ஒரு பெரிய சக்கரம் சுற்றும், அதிலிருந்து நீளமான இரும்புத் தண்டு, தண்டிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து ரோலர். இடுப்பில் கட்டிய சாரத்தின் நுனி பெல்ட்டில் மாட்டினால் கை போகும், சிலருக்கு உயிரே போனது. அந்த ரோதைக்குக் காவல் நிற்கிற முனிதான் ரோதமுனி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டார், அதற்குப் பிறகுதான் தேயிலை ஸ்டோர், பெல்ட் எல்லாம். கூட்டிப் பார்த்தால் இந்த முனிக்கு மிஞ்சிப்போனால் நூற்றைம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வயது வரும். சாமி என்றாலே ஆதிகாலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது என்று நினைத்திருந்த எனக்கு, இது நம்முடைய பாட்டன்மார் இந்த மண்ணில், இந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கண்டுகொண்ட சாமி என்பது பெரிய விஷயமாகப் பட்டது.

பின்பக்கத்துப் படிக்கட்டில் மூன்றாவது படி உடைந்திருக்கும், அதில்தான் முனியின் கல். அப்பா பாசியை உள்ளங்கையால் தேய்த்து, போத்தலில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி, கற்பூரம் ஏற்றினார். மந்திரம் ஒன்றும் இல்லை. பேச ஆரம்பித்தார்! "நாந்தான் வந்திருக்கேன். பெரியவன் கொழும்புல இருக்கான், இந்தா நிக்கிறான். சின்னவளுக்கு பள்ளிக்கூடத்துல சோதனை வருது. மேல கூரைத் தகரம் ரெண்டு காத்துல போயிருச்சு, நீ நனஞ்சிருப்ப." இதைத் தாருமென்று எதையும் கேட்கவில்லை. கூட வேலை செய்த ஆளை ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தித்தால் எப்படிப் பேசுவோமோ அப்படி.

வரும் வழியில்தான் கதை வந்தது. ஒரு ராத்திரி ஷிப்டில் ஓடிக்கொண்டிருந்த ரோலர் தானாக நின்றுவிட்டதாம். டீமேக்கர் கத்தியிருக்கிறார், கொழுந்து கெட்டுப்போகும் என்று. பிட்டர் வந்து பார்த்தால் பெல்ட் ஜாயின்ட் முக்கால்வாசி கிழிந்து தொங்குகிறது. இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருந்தால் அறுந்து, எதிரே நின்ற மூன்று பேரையும் அடித்திருக்கும், அதில் அப்பா ஒரு ஆள். "முனி கைய வச்சு நிப்பாட்டிருச்சு" என்று பழைய ஆட்கள் சொன்னார்களாம். அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் நிலைவாசலைத் தொட்டு "வாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம். பொழுதுபட்டு அலுப்போடு வருகிறவன்கூட அந்த இடத்தில் ஒரு விநாடி நின்றே ஆகவேண்டும்.

கொழும்பு வந்தபிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கல், மரம், மலை, ஆறு எல்லாவற்றிலும் உயிர் இருப்பதாகக் காணும் பார்வையை எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1871இல் மதத்தின் முதல்படி என்று எழுதினார், அதாவது அறியாத மக்களின் தவறான எண்ணம் என்று. நூரிட் பேர்ட்-டேவிட் என்ற பெண் ஆய்வாளர் நீலகிரிப் பக்கம் நாயக்கா மக்களோடு இருந்து பார்த்தவர். அவர் 1999இல் அதை மறுத்து, இது உறவு வைத்துக்கொண்டு ஒன்றைத் தெரிந்துகொள்ளும் முறை என்றார். எனக்கு இரண்டாவது ஆள் சொல்வதுதான் சரி. அப்பா அந்தப் படியில் உட்கார்ந்து பேசியது அந்த உறவைத்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கோயிலைப் பெரிதாகக் கட்டுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அங்கங்கே கிடக்கிற கல்லையெல்லாம் எடுத்துக் கோயிலுக்குள் வரிசையாக வைத்து, ஐயரைக் கூப்பிட்டு ஒரே கும்பாபிஷேகமாகச் செய்துவிடலாம் என்று பேச்சு. சுருட்டும் சாராயமும் சேவலும் கிடையாதாம். அப்பா ஒரே வார்த்தைதான் கேட்டார்: "ரோதைக்குக் காவல் நிக்கிறத கோயில்ல கொண்டுபோய் உக்கார வச்சா, அது எதுக்குக் காவல்?"

உங்கள் தோட்டத்தில் என்ன இருக்கிறது? கேள்விப்பட்டது வேண்டாம், உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

தலவாக்கலைக்காரன்:

அண்ணே, எங்களுக்கு கவ்வாத்துசாமி. நான் அஞ்சு வருஷமாக மலையில் வேலை பார்க்கும் உத்தியோகத்தன், அதற்கு முன்னால் என் தாத்தாவும் மாமாவும் கவ்வாத்து வெட்டியவர்கள், அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

கவ்வாத்து என்பது நாலைந்து வருஷத்துக்கு ஒருதடவை ஒரு மலையை முழுக்க வெட்டி இறக்குகிற வேலை. பச்சையாக இருந்த மலை ஒரு வாரத்தில் குச்சியாக நிற்கும். கத்தி அவ்வளவு கூர், வழுக்கினால் முழங்கால் போய்விடும். குளவிக் கூடு எந்த மரத்தின் அடியில் இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது, பாம்பும் இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு சவுக்கு மரத்தடியில் கல்லை நட்டு, எல்லாக் கத்தியையும் அதன் முன்னால் வரிசையாகப் படுக்க வைத்து, பொட்டு வைத்துக் கும்பிட்டுத்தான் எடுப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மேலே இருந்து அவசரம். இந்த மாதத்துக்குள் இத்தனை ஏக்கர் முடியவேண்டும் என்றார்கள், நானும் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி நேரே மலைக்கு அனுப்பிவிட்டேன். பூசைக்கு நேரம் கொடுக்கவில்லை. ஏழரைக்குப் போய்ப் பார்க்கிறேன், பதினெட்டுப் பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு றோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் சண்டை போடவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. அதில் மூத்தவர் ஒருவர் எழுந்து வந்து, "தம்பி, இவ்வளவு நாளும் நமக்குக் கொழுந்து குடுத்த மரம். வெட்டப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டணும்ல?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தாத்தா இதையேதான் சொல்வார், நான்தான் மறந்துபோயிருந்தேன். கடைக்கு ஆளனுப்பித் தேங்காய் வாங்கி வரச்சொன்னேன். பூசைக்கு இருபது நிமிஷம் போயிருக்கும். அந்த மூத்தவர் கல்லுக்கு முன்னால் குனிந்து தனியாக எதையோ சொன்னார், அப்புறம் பக்கத்தில் இருந்த ஒரு தேயிலை மரத்தின் தலையைத் தடவினார், பிள்ளையின் தலையைத் தடவுவது மாதிரி. அதற்குப் பிறகுதான் முதல் வெட்டு.

இப்போது கொந்தரப்புக்கு, அதாவது ஒப்பந்தத்துக்கு, வெளியாட்கள் வந்து மெஷினால் வெட்டுகிறார்கள். அவர்களுக்கு எந்த மரத்தடி என்று தெரியாது. அதனால் நான் முதல்நாளே தனியாகப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வருகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஹல்துமுல்லைப் பிள்ளை:

எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, பீலிதான் எல்லாம். நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே பாறை இடுக்கில் இருந்து வருகிற தண்ணீர், மூங்கிலை வெட்டி வைத்திருப்பார்கள், அப்புறம் பிளாஸ்டிக் பைப் வந்தது. அம்மாயி அதைத் தண்ணீர் என்று சொல்லாது, "ஆத்தா" என்றுதான் சொல்லும். பீலியடியில் எச்சில் துப்பினால் அடி விழும். குடத்தை வைப்பதற்கு முன்னால் கையில் ஏந்தி ஒரு வாய் பார்க்கும், கலர் பார்க்கும், மணந்து பார்க்கும். தினமும். நாங்கள் அதைப் பூசை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அதுவும் பூசைதான்.

ஒரு ஐப்பசி மாதம். நாலு நாள் அடைமழை பெய்து, அன்றைக்குப் பகலில் விட்டிருந்தது. சாயங்காலம் அம்மாயி குடத்தோடு போய் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தது. "மழயில்ல, ஆத்தா செவந்து வாறா. கோவமா இருக்கா. இங்க படுக்கக்கூடாது." அம்மா திட்டியது, நான் படிக்கவேண்டும் என்று. அம்மாயி கேட்கவில்லை. பாயைச் சுருட்டி என் தலையில் வைத்து, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. பின்னாலேயே ஆறு குடும்பம் வந்தது, மற்றவர்கள் வரவில்லை. விடியற்காலம் லயத்துக்குப் பின்பக்க மண் சரிந்து கடைசி இரண்டு காம்பராவின், அதாவது அறைகளின், சுவரைத் தள்ளிவிட்டது. அதில் கோடியில் இருந்த தொங்கல் காம்பரா எங்களுடையது. உயிர்ச்சேதம் இல்லை.

2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது அம்மாயி உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்து அழுதிருக்கிறேன். பிறகு ஒரு கூட்டத்துக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து வந்தவர் மண்சரிவின் அறிகுறிகளைச் சொன்னார்: நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்தல், புதிதாக ஊற்று கிளம்புதல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குதல். கடைசியைக் கேட்டதும் எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பேப்பரில் எழுதி ஒட்டினால் எத்தனை பேர் தினமும் பார்ப்பார்கள்? ஆத்தாவை அம்மாயி தினமும் பார்த்தது.

நுவரெலியாவிலிருந்து:

மன்னிக்கவேண்டும், எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். எனக்கு எட்டு வயது இருக்கும்போது தம்பிக்குக் காய்ச்சல். முனி அடித்துவிட்டது என்று சொல்லி கோடாங்கியைக் கூப்பிட்டு மூன்று ராத்திரி உடுக்கு அடித்தார்கள். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. அந்த உடுக்குச் சத்தம் இன்றைக்கும் எனக்குத் தாங்காது. கதை அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது என் தம்பியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் எழுதியவன்:

நுவரெலியா அக்கா, இரண்டு நாளாக உங்கள் பதிலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சேர்த்துத்தான் சொல்லவேண்டும், சொல்வேன். அப்பாவிடமும் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார், அவர் காலத்தில் ஸ்டோரில் ஒருவனுக்குக் கை நசுங்கியபோது, முனிக்குச் செய்யவேண்டியதைப் பிறகு செய்வோம் என்று முதலில் லொறியில் போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்களாம். "முனி காவல்காரன்டா, டாக்டர் இல்ல" என்றார். உங்கள் வீட்டில் அன்றைக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கலாம். கோடாங்கி மூன்று ராத்திரி காசு வாங்கியதை நானும் மன்னிக்கமாட்டேன்.

ஹல்துமுல்லைத் தங்கச்சி, உங்கள் அம்மாயியின் பீலி இப்போது இருக்கிறதா? அந்த இடத்தை யாராவது பார்க்கிறார்களா? தெரிந்தால் எழுதுங்கள்.

தலவாக்கலைத் தம்பி, அந்தச் சவுக்கு மரம் எந்த மலை, எத்தனையாவது நிரை என்று உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

நேற்று ஊருக்கு வந்தேன். கல்லை எடுக்கும் விஷயம் இன்னும் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்தில் அப்பா பேசப்போகிறார், வாழ்க்கையில் முதல்தடவை கூட்டத்தில் பேசுகிறார். அந்தப் பெல்ட் கிழிந்த கதையை அவர் குரலிலேயே போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். "என்கிட்ட ஏன் கேக்குற, அங்க போய்க் கேளு" என்றார். காலையில் பின்பக்கத்துப் படிக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்றாவது படிக்கு முன்னால் நின்று, இன்னாருடைய மகன், இதற்காக வந்திருக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று தெரியவில்லை. மேலே தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, போட்டுக்க" என்று ஆரம்பித்தார்.