மிச்ச டேட்டாவ டாருக்குக் குடுக்கலாமா?

வெண்ணாத்தங்கரை: மன்னார்குடி பக்கம் வீட்டுல ஃபைபர், மாசம் 3300 ஜிபி, பாதிகூடத் தொடுறதில்ல. தடை போட்ட நாட்டுக்காரங்க ஆளு தெரியாம நெட்டு பாக்க உதவுற டார் (Tor) நெட்வொர்க்குக்கு மிச்சத்தக் குடுக்கலாம்னு யோசன. 2022ல ஈரான் போராட்டத்தப்ப ஏகப்பட்ட ஜனங்க டாரோட ஸ்னோஃப்ளேக் (நம்மள மாதிரி ஆளுங்க பிரவுசர் வழியா தடையத் தாண்ட வைக்கிற டூல்) வழியாத்தான் நெட்டுக்கு வந்தாங்கன்னு படிச்சதுலேந்து மனசு கெடந்து அடிச்சுக்குது. பிரிட்ஜ் (டாருக்குள்ள நுழையுற ரகசிய வாசல் சர்வர்) போடுறதா, காசு அனுப்புறதா?

குடமுருட்டி: தம்பி, மொதல்ல பிரவுசர்ல ஸ்னோஃப்ளேக் எக்ஸ்டென்ஷன் போடுங்க. உங்க வழியா வர்றவங்க பாக்குற சைட்டுக்கு உங்க ஐபி தெரியாது, எக்ஸிட் (கடைசியா சைட்டுக்குப் போற சர்வர்) வேற ஆளோடது. பிரிட்ஜ்னா கான்ஃபிக்ல அக்கவுண்டிங்மேக்ஸ்னு டேட்டாவுக்கு ஒரு வரம்பு போட்டுருங்க, அளவு முடிஞ்சா மொறப்பாசனம் மாதிரி அடுத்த மொற வரைக்கும் தானா நிக்கும். ஆனா 500 ஜிபின்னு போட்டா அனுப்புறது 500, வாங்குறது 500, ஆக 1000 வரை போவும், நான் இது தெரியாம மாசக் கடைசில வேகம் செத்து, பொண்ணு ஆன்லைன் கிளாஸ்ல பாதிலயே நின்னுடுச்சு.

கடமடைக்காரன்: காசும் வேணுங்க. எல்லா ஸ்னோஃப்ளேக்கும் கடைசில சில பெரிய பிரிட்ஜ் சர்வர்லதான் போய் விழுது, பேண்ட்வித் செலவு அங்கதான். இந்த மாதிரி டூலுக்குப் பணம் குடுக்குற ஓப்பன் டெக்னாலஜி ஃபண்டுக்கே 2025 மார்ச்ல அமெரிக்க அரசு நிதிய நிறுத்துச்சு, கோர்ட்டுக்குப் போனாங்க. மேட்டூர்ல ஷட்டர எறக்குனா நம்ம வாய்க்கா என்னாவும்னு நமக்குச் சொல்லணுமா, அதான் மாசம் நூறு எரநூறுன்னாலும் நெறைய பேர் குடுக்கணும்ங்கறேன்.

வெண்ணாத்தங்கரை: எக்ஸ்டென்ஷன் போட்டாச்சுண்ணே, ஒரு மணி நேரத்துல மூணு பேர் கனெக்ட் ஆயிருக்காங்க!