[கலைச்சொல்] சஸ்பென்ஷன் மென்பொருள்: ‘கேலிபிரேஷன்’ ஒரு சொல்லா, இரண்டா?

மடல் 1 · மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் சஸ்பென்ஷன் (சக்கரங்களுக்கு மேல் வண்டியின் உடலைத் தாங்கும் அமைப்பு) மென்பொருளை முகவர் பணிமனையில் மாற்றிக்கொள்வது பற்றிய சிறு கையேடு மொழிபெயர்ப்பில் உள்ளது. முன்பாதி வண்டி உரிமையாளருக்கு, பின்பாதி தொழில்நுட்பருக்கு. வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. ‘கேலிபிரேஷன்’ என்ற ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

மூலத்தில் இது இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று, கட்டுப்பாட்டகத்தில், அதாவது சஸ்பென்ஷனை இயக்கும் சிறு கணினிப் பெட்டியில், எழுதப்படும் தரவுக் கோப்பு. சக்கரம் எழும்பும் வேகம், வண்டியின் வேகம், ஓட்டுநர் தெரிவு செய்த ஓட்டுமுறை ஆகியவற்றைப் பார்த்து டேம்பருக்கு (வண்டியின் ஆட்டத்தை அடக்கும் உறுப்பு) எவ்வளவு மின்னோட்டம் கொடுப்பது என்று முடிவுசெய்யும் எண்கள் அதில் இருக்கின்றன. மற்றொன்று, கோப்பு ஏறிய பிறகு செய்யும் வேலை: நான்கு மூலைகளிலும் உள்ள உயர உணரிகளுக்கு (சென்சார்) இயல்பு உயரத்தைக் கற்பிப்பது, ஸ்டீயரிங் கோண உணரிக்கு நேர்நிலையைக் காட்டுவது. இரண்டுக்கும் ‘அளவுத்திருத்தம்’ என்று போட்டால் வரிகள் இப்படி வருகின்றன:

6. அளவுத்திருத்தத்தை நிறுவுக.
9. அளவுத்திருத்தம் செய்க.

ஆறில் முடிந்ததுதான் ஒன்பதிலும் வருகிறது என்று எண்ணிப் படிப்பவர் தாண்டிவிடுவார். வேறு வேறு சொல் வேண்டும். ‘அப்டேட்’, ‘சஸ்பென்ஷன்’ இரண்டுக்கும் கருத்துச் சொன்னால் நன்றி.

மடல் 2 · பணிமனைப் பொறியாளர்

ஒன்பதாம் வரியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தால் சொல் தேர்வது எளிது. புதிய மென்பொருள் ஏறியதும் பல கட்டுப்பாட்டகங்கள் பழைய உயர அளவுகளைச் செல்லாதவையாகக் கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி இருக்கும். டேம்பர் தன் தற்காப்பு நிலையிலேயே நின்றுவிடும். கோப்பில்தான் குறை என்று எண்ணிப் பணிமனை அதையே மறுபடியும் எழுதும். எத்தனை முறை எழுதினாலும் விளக்கு அணையாது.

முழு வரிசையைத் தருகிறேன். முதலில் வண்டி அடையாள எண், கட்டுப்பாட்டகத்தின் வன்பொருள் எண், மென்பொருள் எண், கேலிபிரேஷன் எண் நான்கையும் படித்து ஜாப் கார்டில் எழுத வேண்டும். அடுத்தது மின்சாரம். சாதாரண பேட்டரி சார்ஜர் உதவாது, அதன் மின்னழுத்தம் அலைபாயும். 13 முதல் 14 வோல்ட்டுக்குள் அசையாமல் நிற்கும் மின்வழங்கி வேண்டும். இடையில் ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கினாலும் வோல்ட் விழாத அளவுக்கு அதில் ஆம்பியர் இருக்க வேண்டும். ஏசி, முகப்பு விளக்கு அணைந்திருக்க வேண்டும். கணினிக்கும் அதை வண்டியோடு இணைக்கும் இடைமுகப் பெட்டிக்கும் நடுவே கம்பி இணைப்பு இருப்பது நல்லது, வைஃபை அறுந்தால் எழுத்தும் அறும்.

பிறகு வண்டியின் 16 முனை இணைப்பி வழியாக, கட்டுப்பாட்டகத்தோடு பேசுவதற்கான ஐஎஸ்ஓ 14229 நெறிமுறையின் வரிசை: நிரலாக்க அமர்வு, பாதுகாப்புத் திறவு, பழைய நினைவகத்தை அழித்தல், துண்டு துண்டாக எழுதுதல், சரிபார்ப்பு, மீளியக்கம். ஆபத்தான இடம் அழித்தலுக்கும் சரிபார்ப்புக்கும் நடுவில். அங்கே மின்சாரம் விழுந்தால் கட்டுப்பாட்டகத்தில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கட்டுப்பாட்டகத்தைத் தொடங்கிவைக்கும் துவக்கி நிரல் தனிப் பகுதியில் இருப்பதால் பெரும்பாலும் மீண்டும் தொடங்கலாம். எழுதப்படுவது துவக்கி நிரலே என்றால் அந்த வழியும் அடைபடலாம். அப்போது கட்டுப்பாட்டகத்தையே மாற்ற வேண்டிவரும்.

எழுதும்போது இந்தக் கட்டுப்பாட்டகம் மற்றவற்றோடு பேச்சை நிறுத்திவிடுவதால் ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாட்டகங்களில் ‘தொடர்பு அறுந்தது’ என்ற பிழைக்குறிகள் விழும். அவை பழுது அல்ல. அழித்துவிட்டு, இக்னிஷனை அணைத்துச் சில நிமிடம் விட்டு மறுபடி படிக்க வேண்டும். அதன் பின்னும் வந்தால்தான் தேட வேண்டும்.

உயர உணரி வேலைக்கு வண்டி நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிற்க வேண்டும். டயர் காற்று சரியாக, உள்ளே சுமை இல்லாமல், எரிபொருள் கையேடு சொல்லும் அளவில். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை ஒவ்வொரு மூலையையும் மில்லிமீட்டரில் அளந்து கருவியில் இட வேண்டும். லிஃப்ட்டில் தூக்கிய நிலையில் செய்தால் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். பதிவாகும் உயரம் முழுத் தவறு.

அதனால் ஒரு வேண்டுகோள்: சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கல்’ வேண்டாம். சக்கரம் கீழே இறங்கி நிற்கும் நிலைக்கு அந்தச் சொல் எங்களுக்குத் தேவை.

மடல் 3 · தமிழாசிரியர்

பொறியாளர் ஐயா சொன்ன காரணம் வலுவானது. ‘தொங்கல்’ வந்த வழியையும் பார்ப்போம். பழைய குதிரை வண்டிகளில் பெட்டி உண்மையாகவே தோல் வார்களில் கட்டித் தொங்கவிடப்பட்டது. ஆங்கிலப் பெயர் அந்தக் காலத்தது. இன்றைய காரில் உடல் சுருள்வில்லின் மேல் அமர்ந்திருக்கிறது. தமிழில் பெயரிடும்போது இன்றைய செயலைப் பார்த்தே இடலாம்: தாங்கு + அமைவு, குற்றியலுகரம் உயிர் வரக் கெட்டுத் ‘தாங்கமைவு’. வெறும் ‘தாங்கல்’ கூடாது. ஏரிக்கும் அந்தப் பெயர் உண்டு, மனத்தாங்கலும் உண்டு.

‘இடைநிறுத்தம்’ என்று சில அகராதிகளைப் பார்த்து எழுதுகிறார்கள். அது பணியிடைநீக்கத்தோடு சேர்ந்த சொல், வண்டிக்கு ஆகாது.

கேலிபிரேஷனுக்கு வருகிறேன். தரவுக் கோப்பு எதையும் அளக்கவில்லை. வண்டியின் நடையை ஒரு குணத்துக்கு இசைவிக்கிறது. இசைவிப்பதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: திவவு. யாழ்க் கோட்டில் நரம்புகளை இறுக்கிப் பிடிக்கும் வார்க்கட்டு. அதை மேலே கீழே நகர்த்தினால் நரம்பின் இறுக்கம் மாறும், சுதி மாறும். டேம்பரில் மின்னோட்டம் மாற்றுவதும் இறுக்கத்தைத்தானே? திவவு வாரால் ஆனது, பழைய வண்டியின் பெட்டியைத் தாங்கியதும் வார். ஆகவே கோப்புக்குத் ‘திவவுக் கோப்பு’, அதை எழுதுவதற்குத் ‘திவவுதல்’ என்று முன்மொழிகிறேன்.

மடல் 4 · தொழிற்பயிற்சி ஆசிரியை

ஐயா, தாங்கமைவை ஏற்கிறேன். திவவு வேண்டாம். ஜாப் கார்டில் ‘திவவுதல் முடிந்தது’ என்று பார்க்கும் மாணவர் அதைத் ‘தவறுதல்’ என்று படிப்பார். பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்குவதற்கும் இலக்கண அமைதி வேண்டுமல்லவா?

வகுப்பில் நிற்கும் சொல் தன் பொருளைத் தானே காட்ட வேண்டும். டேம்பர் அலைவைத் தணிக்கிறது, எனவே ‘தணிப்பான்’. ‘அதிர்வேற்பி’ (ஷாக் அப்சார்பர்) பொருந்தாது, அதிர்ச்சியை முதலில் ஏற்பது சுருள்வில், அதன் பின் வரும் அலைவை அடக்குவது இது. கோப்பில் இருப்பது அட்டவணை, எனவே ‘தணிப்பு அட்டவணை’. உணரி வேலைக்குச் ‘சுழியமைத்தல்’.

‘மறுபதிவு’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். வண்டி தொடர்பான தாளில் அதை எழுதவே கூடாது, பதிவெண் மாற்றுவது என்றுதான் படிப்பார்கள்.

மடல் 5 · பணிமனைப் பொறியாளர்

‘சுழியமைத்தல்’ ஸ்டீயரிங் உணரிக்குப் பொருந்தும். உயர உணரிக்குப் பொருந்தாது, அங்கே சுழியம் எதுவும் இல்லை. அளந்த மில்லிமீட்டரை உணரியின் வோல்ட்டோடு இணைக்கிறோம். அறிந்த அளவோடு கருவியை ஒப்பிட்டுத் திருத்துவது, அதாவது சரியான பொருளில் அளவுத்திருத்தம். அந்தச் சொல்லை ஒன்பதாம் வரிக்கே விட்டுவிட்டு ஆறாம் வரியை மாற்றுங்கள்.

மடல் 6 · தமிழாசிரியர்

அம்மாவின் இலக்கணக் கேள்வி நியாயம். ‘திவவுதல்’ வேண்டாம், ‘திவவிடல்’ என்போம். சொல் புதிதாக இருப்பது குறை அல்ல. ‘மின்சாரம்’ என்பதையும் யாரோ முதன்முதலில் எழுதத்தானே வேண்டியிருந்தது?

‘அப்டேட்’டுக்கு இற்றைப்படுத்தல் என்பதே என் கருத்து. ‘இற்றைத் திங்கள்’ என்று பாரி மகளிர் பாடிய சொல். விக்கிப்பீடியாவிலும் பழகிவிட்டது.

மடல் 7 · தொழிற்பயிற்சி ஆசிரியை

பாரி மகளிர் மேல் எனக்கும் அன்பு உண்டு. ஆனால் இதே கையேட்டில் இரண்டு பக்கம் தள்ளி ‘இற்றுப்போன ரப்பர் புஷ்களை மாற்றுக’ என்று வருமே? இற்றுப்போன தாங்கமைவை இற்றைப்படுத்துவதா? ‘புதுப்பித்தல்’ சொல்லலாமென்றால் காப்பீடு புதுப்பிப்பும் உரிமம் புதுப்பிப்பும் ஏற்கெனவே அந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. ‘மென்பொருள் மாற்றம்’ என்று நேராக எழுதுங்கள். நடப்பதும் அதுதான், பழையதை அழித்துப் புதியதை வைக்கிறார்கள்.

மடல் 8 · பணிமனைப் பொறியாளர்

உரிமையாளர் பகுதியில் இந்தச் சொல் இன்னும் கவனம் கேட்கிறது. சர்வீஸ் அட்வைசரிடம் போய் ‘அப்டேட் இருக்கிறதா?’ என்றால் அவர் அடையாள எண்ணைத் தட்டிப் பார்த்து ‘இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் திரையில் பெரும்பாலும் தெரிவது பாதுகாப்புக் குறைக்கான திரும்பப் பெறலும், உற்பத்தியாளர் எல்லா வண்டிக்கும் செய்யச் சொன்ன பணிகளும்தான். தொழில்நுட்பச் சேவை அறிக்கை, அதாவது ஒரு குறிப்பிட்ட குறைக்கு உற்பத்தியாளர் பணிமனைகளுக்கு அனுப்பும் தீர்வுக் குறிப்பு, வேறு வகை. வாடிக்கையாளர் குறிப்பிட்ட குறையைச் சொன்னால், வண்டி அறிக்கையில் கண்ட எண் வரிசைக்குள் இருந்தால், உத்தரவாதக் காலமும் இருந்தால் மட்டுமே அந்த வேலைக்கு உற்பத்தியாளர் பணிமனைக்குக் கூலி கொடுப்பார். குறை இல்லாமல் கேட்டால் அந்த நேரத்துக்குக் காசு தருபவர் யாருமில்லை, பணிமனை தயங்கும்.

எனவே உரிமையாளர் கொண்டுபோக வேண்டியது சேவை அறிக்கையின் எண்ணும், குறையின் துல்லியமான விவரமும். ‘வண்டி குதிக்கிறது’ என்றால் ‘இயல்பாக உள்ளது’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ‘டூர் முறையில், 80 கி.மீ. வேகத்தில், மேடு பள்ளமான சாலையில் பின்பக்கம் ஒரு முறைக்கு மேல் ஆடுகிறது; ஸ்போர்ட் முறையில் ஆடவில்லை’ என்றால் சோதனை ஓட்டத்தில் அதையே பிடிக்கலாம். தொழில்நுட்பரை உடன் வைத்து ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஒழுங்குவிதி 156, அதை ஏற்ற நாடுகளில், மென்பொருள் பதிப்புகளைத் தடம் வைத்திருக்கும் கடமையை உற்பத்தியாளருக்கே விதிக்கிறது. பணிமனைத் தாளில் அதே எண் இருப்பது உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

வெளிக்கடையில் வாங்கிய, மின் இணைப்பு இல்லாத தணிப்பான் பூட்டியிருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். புதிய மென்பொருள் தணிப்பானின் மின்சுருளின் மின்தடையைச் சோதித்துப் பிழை காட்டும். அதற்குப் பணிமனை பொறுப்பேற்காது.

எழுதி முடிப்பதற்குள் வண்டியை நகர்த்தக் கூடாது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். 2002இல் காடிலாக் செவிலில் முதன்முதலாக வந்த காந்தப்பாய்மத் தணிப்பான் மின்னோட்டம் இல்லாவிட்டால் மிக மென்மையாகிவிடும். இரும்புத் துகள்கள் வரிசை கட்டினால்தான் அந்த எண்ணெய் இறுகும். வால்வு வகையில் சில அதற்கு நேர்மாறாக இறுகி நிற்கும். இரண்டிலும் அது ஓட்டுவதற்கான நிலை அல்ல.

‘மென்பொருள் மாற்றம்’ எனக்குச் சரி. ‘தணிப்பு அட்டவணை’யில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கோப்பில் அட்டவணைகள் மட்டும் இல்லை. வடிகட்டி மாறிலிகள், வரம்புகள், காலத் தாமதங்கள் இருக்கின்றன. அறிக்கை தீர்க்கும் குறை பல நேரம் அட்டவணையில் இருக்காது, தாமதத்தில்தான் இருக்கும்.

மடல் 9 · மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. கையேடு இன்று போக வேண்டும். மறுப்பு வராதவை: தாங்கமைவு, தணிப்பான், உணரிக்கு அளவுத்திருத்தம். பெரும்பான்மை: மென்பொருள் மாற்றம். கோப்புக்கு மூவரிடமும் மூன்று கருத்து. பொறியாளர் ஐயாவின் மறுப்பை ஏற்று, ‘அட்டவணை’ இல்லாமல் ‘தணிப்புத் தரவு’ என்று வைக்கிறேன். கண்டறி கருவியின் திரையில் ‘கேலிபிரேஷன்’ என்றே வருவதால் முதல் இடத்தில் மட்டும் அதையும் ஒலிபெயர்த்துப் பக்கத்தில் தருகிறேன்.

6. புதிய தணிப்புத் தரவை எழுதுக. முடியும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.
9. சமதளத்தில் நிறுத்தி உயர உணரிகளை அளவுத்திருத்தம் செய்க. இதைச் செய்யாமல் எச்சரிக்கை விளக்கு அணையாது.

மடல் 10 · தமிழாசிரியர்

‘தரவு’ என்பது கலிப்பாவின் முதல் உறுப்புக்குப் பெயர். அதைக் கணினியாளர் எடுத்துக்கொண்டபோதே மறுத்தேன், இப்போதும் மறுக்கிறேன். ‘தணிப்புத் தரவு’ என்றால் தணிந்துபோன தரவு என்றும் பொருள்படும். அடுத்த பதிப்பிலாவது திவவைக் கருதுங்கள். தரவு கலிப்பாவிலிருந்து வந்ததா, ‘தருதல்’ என்ற வினையிலிருந்து நேராக வந்ததா என்பது பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

மடல் 11 · தொழிற்பயிற்சி ஆசிரியை

ஒன்பதாம் வரியில் ஸ்டீயரிங் கோண உணரி விடுபட்டிருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிடுங்கள்.