சேஃப்டி சர்வே தாளில் உண்மையை எழுதலாமா?

ராத்திரி டூட்டி (காரைக்குடிப் பக்கம்)

60 பெட் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 6 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

என்.ஏ.பி.எச். (ஆஸ்பத்திரிகளுக்கான தர அங்கீகாரம்) வாங்கப் போகிறோம் என்று மூன்று மாதமாக எங்களிடத்தில் ஒரே அமர்க்களம். கையைக் கழுவு, பெயரைக் கேள், கட்டில் கம்பியை ஏற்று என்று சுவரெல்லாம் போர்டு. போன வாரம் ஆளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். நோயாளிகளின் பாதுகாப்பு இங்கே எப்படி இருக்கிறது என்று நர்ஸ்கள் நினைக்கிறீர்கள், தப்பு நடந்தால் அது உங்கள் தலையிலேயே விடிகிறதா, வேலைக்குத் தகுந்த ஆள் இருக்கிறதா, போன 12 மாதத்தில் எத்தனை சம்பவம் எழுதிக் கொடுத்தீர்கள் என்று போகிறது. பெயர் எழுத வேண்டாமாம். ஆனால் கடைசியில் எந்த வார்டு, எத்தனை வருட சர்வீஸ், வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்றெல்லாம் கேட்டிருக்கிறது. எங்கள் வார்டில் 6 வருட சர்வீஸ் உள்ளவள் நான் ஒருத்திதான். அதற்குப் பெயரையே எழுதிவிடலாம்.

இன்சார்ஜ் சிஸ்டர் தாளைக் கையில் கொடுக்கும்போதே "எல்லாத்துக்கும் நல்லதாப் போட்டுக் குடுங்கப்பா, எம்.டி. பார்ப்பாரு" என்றார். எம்.டி. என்றால் ஆஸ்பத்திரியின் நிர்வாக இயக்குநர்.

சும்மா டிக் அடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். தை மாதம் நடந்த ஒன்று இன்னும் உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இங்கே எழுதுகிறேன். சர்க்கரைக்கு ஓர் ஆச்சி அட்மிஷன். மகன் சிங்கப்பூரில், கூட இருந்தது வீட்டு வேலைக்கு நிற்கும் அம்மா. இன்சுலினை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள், மகன் வாங்கி வந்தது, மில்லிக்கு 100 யூனிட். எங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பதெல்லாம் 40 யூனிட் பாட்டில், ட்ரேயில் இருப்பதும் அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சுதான். காலை ஆறரை மணி. ராத்திரி முழுக்க 28 பெட்டுக்கு நானும் ஒரு ட்ரெயினிப் பெண்ணும் மட்டும். ஆர்டர் 20 யூனிட். அவள் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்துவிட்டாள், அதாவது அரை மில்லி. 40 பாட்டிலாக இருந்தால் சரி, ஆனால் அது 100, அப்படியானால் சிரிஞ்சுக்குள் இருந்தது 50 யூனிட். ஆச்சி காப்பிகூடக் குடித்திருக்கவில்லை. பாட்டில் நம்முடையது மாதிரி இல்லையே என்று தற்செயலாகத் திருப்பிப் பார்த்தேன், தப்பித்தோம். ஊசி போடவில்லை. ஆச்சிக்கு ஒன்றும் தெரியாது, "என்னத்தா இன்னுமா போடலை, பசிக்குதுல்ல" என்று சத்தம் போட்டதோடு சரி.

அன்றைக்கே சம்பவ ரெஜிஸ்டரில் எழுதினேன். அதற்கு முன் 14 மாதமும் அதில் 'நில்' (ஒன்றும் இல்லை), 'நில்', 'நில்'. மறுநாள் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மெமோ. எக்ஸ்ப்ளனேஷன் கொடு என்றார்கள். ஆபீஸில் கேட்ட கேள்வி இது: "ஒண்ணும் நடக்கலைல்ல, அப்பறம் ஏன் எழுதுன?" அந்தப் பெண் மாசி மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாள்.

இப்போது அந்தத் தாளில் என்ன போட? உங்கள் இடங்களில் எப்படி?

கண்டனூர் பேரன்

வேலை முக்கியம் சிஸ்டர். நல்லதாகப் போட்டுவிட்டுப் போங்கள். அந்தத் தாளை யாரும் படிக்கப் போவதில்லை.

வைகைக்கரை

படிப்பார்கள், நான் படிக்கிறேன். ஐசியூவில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் குவாலிட்டி வேலை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அமெரிக்க அரசின் ஏ.எச்.ஆர்.க்யூ. என்கிற மருத்துவத் தர ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட தாள். 42 கேள்வி, 12 தலைப்பு. 2019-ல் சுருக்கி இரண்டாவது பதிப்பும் போட்டார்கள், நம் பக்கம் இன்னும் பழையதைத்தான் ஜெராக்ஸ் எடுத்து ஓட்டுகிறார்கள். உங்கள் இன்சார்ஜுக்கு ஒன்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று போட்டால் வசமாக மாட்டுவீர்கள், ஏனென்றால் பாதிக்குப் பக்கமான கேள்விகள் தலைகீழாகக் கேட்கப்பட்டவை. 'இங்கே பெரிய தப்பு நடக்காமல் இருப்பது அதிர்ஷ்டத்தால்தான்' என்கிற மாதிரி ஒன்று வரும், அதற்கும் ஒரு வார்டு முழுக்கச் சம்மதம் போட்டுக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, யோசித்தால் அது ஒன்றுதான் உண்மையான பதிலோ என்னவோ.

பல நாடுகளில் இதை நடத்தியிருக்கிறார்கள், நர்ஸ்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். எங்கள் வார்டுக்குள் ஒருத்திக்கு ஒருத்தி கை கொடுப்போம் என்பதில் மார்க் ஏறும். தப்பைச் சொன்னால் தண்டிக்க மாட்டார்கள் என்பதிலும் ஆள் போதும் என்பதிலும் தரை தட்டும். ஆகவே நீங்கள் உள்ளதை எழுதினால் உங்கள் ஆஸ்பத்திரி மட்டும் தனியாக அசிங்கப்படாது. ஆள் கணக்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வது பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் லீவுக்கென்று 30 சதவீதம். உங்கள் 28 பெட்டை அதோடு வைத்துப் பாருங்கள்.

கடைசிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். அது தப்பில்லை. சின்ன வார்டுகளைத் தனியாகப் பிரித்துக் காட்டாமல் மற்றவற்றோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், ஒழுங்காகச் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அப்புறம் அந்த 14 மாத நில். எனக்கு அதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. 60 பெட்டில் 14 மாதம் ஒரு மாத்திரைகூட மாறவில்லையா, ஒருவர்கூடக் கட்டிலிலிருந்து விழவில்லையா? இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்களும் முதலில் அந்த ரெஜிஸ்டரைத்தான் கேட்பார்கள். உங்கள் எம்.டி.யிடம் இதை யாராவது சொன்னால் நல்லது.

பழைய ஸ்டாஃப் (தேவகோட்டை)

நான் 34 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்து ரிட்டயர் ஆனவள். தங்கச்சி, நீ எழுதியது சரிதான். எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த 100 பாட்டில் வேறொருத்தி கையில் வந்திருக்கும், அவள் திருப்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

என் கதையைச் சொல்கிறேன், எந்த ஊர் என்பது வேண்டாம். நம் பக்கத்தில் அய்யா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள், பங்காளி வீடுகளில் அதே பேர் நாலைந்து பேருக்கு இருக்கும். ஒரு தடவை ஆண்கள் வார்டில் இரண்டு அண்ணாமலை. பங்காளிகள். அதே ஊர், முன்னால் வரும் விலாச எழுத்துகூட அதேதான். ஒருவருக்கு 61 வயது, இன்னொருவருக்கு 74, அடுத்தடுத்த கட்டில். 61 வயதுக்காரருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். நான் பையைத் தூக்கிக்கொண்டு போய், "நீங்கதானே அய்யா அண்ணாமலை?" என்றேன். பெரியவருக்குக் காது மந்தம், "ஆமாத்தா" என்றார். அவரும் அண்ணாமலைதானே, பொய் சொல்லவில்லை! ஸ்டாண்டில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற மருமகள்தான் தயங்கித் தயங்கி, "மாமாவுக்கு ரத்தம் ஏத்தணும்னு யாரும் சொல்லலையே" என்றார். அந்தம்மா மாமனார் பேரைத் தன் வாயால் சொல்லாதவர், கேஸ் ஷீட்டைத்தான் விரலால் காட்டினார். எனக்கு அப்படியே குப்பென்று வியர்த்துவிட்டது.

போய் சூப்பரின்டெண்டிடம் நானே சொன்னேன். அந்தம்மா கோபக்காரி, ஆஸ்பத்திரியே நடுங்கும். ஆனால் என்னைத் திட்டவில்லை. எழுந்து வார்டுக்கு வந்தார், ஒரு கட்டிலை அந்தக் கோடிக்குத் தள்ளச் சொன்னார், அன்றிலிருந்து ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) சிவப்பு மையில் எழுதி இரண்டு பேர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் பையை மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மறுநாள் காலை அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும் என்னையே அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்து, அக்கா எனக்கும் இப்படி ஒன்று நடந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீங்கதானே இன்னார்" என்று கேட்காதே. "உங்க பேரு என்ன, வயசு என்ன" என்று அவர்கள் வாயால் வரவழை. ஆச்சிமார் "நேத்துத்தானே சொன்னேன், உனக்கு மறதியா?" என்று கோபிப்பார்கள், கோபிக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பேரைச் சொல்வார்கள், அதையும் பார்த்துக்கொள்.

ஸ்டெத் இல்லாதவன்

நான் நர்ஸ் இல்லை, கோர்ட் பக்கம் வேலை. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் என்றால் பிரிவு 106(1). பழைய சட்டத்தின் 304ஏ பிரிவில் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 வருடம்தான். புதியதில் பொதுவாக 5 வருடம் வரை, பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நடந்தால் மட்டும் 2 வருடம் வரை. அந்த 'பதிவு பெற்ற மருத்துவர்' யார் என்று பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது, தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற படிப்பும் மருத்துவர் பதிவேட்டில் பெயரும் உள்ளவர். நர்ஸ் அதில் வரமாட்டார். அதே கட்டில், அதே நோயாளி, ஆர்டர் போட்ட டாக்டருக்கு 2, ஊசி போட்ட நர்ஸுக்கு 5. பயமில்லாமல் எழுது என்று சொல்வதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள்.

பள்ளத்தூர் டு லீட்ஸ்

அந்தப் பயம் இங்கே இங்கிலாந்திலும் உண்டு. அமெரிக்காவில் டென்னசியில் 2017 கடைசியில் ஒரு நர்ஸ் மிடாசோலத்துக்கு (பதற்றம் தணிக்கும் மருந்து) பதில் வெக்குரோனியத்தை (தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்து) எடுத்துப் போட்டு நோயாளி இறந்தார். தானே ஒப்புக்கொண்டவர். 2022-ல் கோர்ட் குற்றவாளி என்றது, 3 வருட ப்ரொபேஷன். அந்த வாரம் எங்கள் வார்டில் வேறு பேச்சே இல்லை.

ஊரில் எல்லோரும் வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இங்கே டேடிக்ஸ் என்று ஒரு சாஃப்ட்வேர், சம்பவங்களை அதில்தான் போட வேண்டும். கற்றுக்கொள்வதற்காக வந்தது, ஆனால் சண்டை வந்தால் "உன் மேல டேடிக்ஸ் போட்ருவேன்" என்று மிரட்டுகிற சீனியர்களும் இருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், நான் ஒன்று போட்டால் என்ன செய்தோம் என்று ஒரு பதில் மெயில் வரும். எல்லாவற்றுக்கும் வராது, வந்தவரைக்கும் அடுத்த தடவை போட மனசு வரும். ஊரில் 4 வருடம் வேலை பார்த்தபோது நான் எழுதிய எதற்கும் பதில் வந்ததே இல்லை, மெமோவைத் தவிர.

வக்கீல் அண்ணனுக்கு ஒன்று, மரணம் நடந்த பிறகுதான் 106 வரும். இந்த சிஸ்டர் எழுதியது மரணம் நடக்காமல் போனதை.

ஸ்டெத் இல்லாதவன்

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் வக்கீல் இல்லை, குமாஸ்தா.

ராத்திரி டூட்டி (காரைக்குடிப் பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. தாளைக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கம் காலி. எத்தனை சம்பவம் எழுதினீர்கள் என்ற இடத்தில் 1 என்று போட்டேன், வார்டில் அதுவும் நான் ஒருத்திதான் என்பது பிறகுதான் உறைத்தது. போகட்டும்.

வைகைக்கரை சொன்ன தலைகீழ் கேள்வி விஷயத்தை இன்சார்ஜிடம் சொன்னேன். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். அப்புறம் எல்லோரையும் கூப்பிட்டு, "அவங்கவங்களுக்குத் தோணுனதைப் போடுங்க" என்றார். அவரும் மெமோவுக்குப் பயந்தவர்தானே என்று அப்போதுதான் பட்டது. நைட்டுக்கு இன்னொரு ஆள் கேட்டிருக்கிறார், எம்.டி. பார்க்கலாம் என்றிருக்கிறார்.

ஆரஞ்சு மூடி 100 யூனிட் சிரிஞ்சு ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறோம். சிவப்பைத் தனியாக, ஆரஞ்சைத் தனியாக வைக்க ஆளுக்கொரு டப்பா தேடினோம், ஸ்டோரில் கேட்டால் இன்டென்ட் (எழுத்தில் கோரிக்கை) போடு என்கிறார்கள். அதனால் டிஸ்சார்ஜ் ஆகிப்போன ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பலகார டப்பா இரண்டைக் கழுவி வைத்திருக்கிறேன். ஒன்றில் சீப்புச் சீடை என்று லேபிள், கிழித்தால் வரமாட்டேன் என்கிறது.

பழைய ஸ்டாஃப் (தேவகோட்டை)

தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுச் சுரண்டு, வந்துவிடும். மருந்து ட்ரேயில் சீடை லேபிள் இருந்தால் அதற்கும் ஒரு மெமோ வரும் தங்கச்சி.