மூன்றாவது முறை கூட்டிப் பார்ப்பது பொறுப்பா, அச்சமா?

கோத்தகிரிக் கணக்கர்:

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், சிறு விவசாயிகளிடம் வாங்கும் பசுந்தேயிலைக்குக் கணக்கு எழுதுகிறேன். கொள்முதல் நிலையங்களிலிருந்து நாள்தோறும் எடைச் சீட்டுகள் வரும். அவற்றைப் பேரேட்டில் ஏற்றி, மழை நாள்களில் ஈரத்துக்காகக் கழிக்கும் எடையைக் கழித்து, மாத முடிவில் ஒவ்வொருவருக்கும் உரிய தொகையைப் போட வேண்டும். பதினோரு ஆண்டுகளாக இதுவே என் வேலை. ஆறு ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் இருந்த வேறொரு தொழிற்சாலையில், ஒரு விவசாயியின் மாதக் கணக்கில் 540 கிலோ என்பதை 450 என்று எழுதிவிட்டேன். அடுத்த மாதமே குறை தீர்க்கப்பட்டது. ஆனால் மேலாளர் என்னை எடை மேடைக்கு வரவழைத்து, இலை மூட்டையுடன் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் திருடனை விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

அன்றிலிருந்து எதையும் இரண்டு முறை கூட்டிப் பார்த்த பிறகும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. மூன்றாம் முறையும் பார்க்கிறேன். மாதக் கடைசியில் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பலமுறை தவறவிட்டிருக்கிறேன். நடு இரவில் விழிப்பு வந்தால் ஏதோ ஒரு பக்கத்தின் அடிக்கூட்டல் கண்முன் வந்து நிற்கிறது. நண்பர் ஒருவர் இது நோய், மருத்துவரைப் பார் என்கிறார். உடன் வேலை செய்யும் மூத்தவரோ, இந்தப் பயம் இருப்பதால்தான் உன் ஏடு சுத்தமாக இருக்கிறது என்கிறார். இரண்டில் எது சரி என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

குன்னூர் மருந்தாளுநர்:

நான் உங்கள் மூத்தவரின் கட்சி. பதினெட்டு ஆண்டுகளாக மருத்துவமனை மருந்தகத்தில் நிற்கிறேன். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அதையே ஒருவர் சீட்டில் 'தினமும்' என்று எழுதி, இன்னொருவர் அப்படியே உறையில் எழுதிக் கொடுத்துவிட்டால், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். பல நாடுகளில் அப்படிப் போயும் இருக்கின்றன. தவறு மனித இயல்பு என்று இனிமையாகப் பேசுகிறவர்கள், அந்த உறையை வாங்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிப் போகும் மூதாட்டியின் இடத்தில் நின்று பேசுவதில்லை. எனக்கு என் பயம் வேண்டும். அதை யாரும் குணப்படுத்த வர வேண்டாம்.

உதகை உளவியல் ஆசிரியர்:

அம்மா, நீங்கள் சொல்வதும் கணக்கர் சொல்வதும் ஒன்றுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1978-ஆம் ஆண்டிலேயே டான் ஹமசெக் என்ற அமெரிக்க உளவியலாளர் குறையின்மை நாட்டத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: உயர்ந்த தரத்தை விரும்பி, எட்டியபோது மகிழ்ந்து, தேவைப்படும் இடத்தில் சற்று விட்டுக்கொடுக்கவும் தெரிந்தவர் ஒரு வகை, எவ்வளவு செய்தாலும் போதாது என்ற உணர்விலிருந்து மீளாதவர் இன்னொரு வகை. 1990-இல் ராண்டி ஃபிராஸ்டும் அவருடைய குழுவினரும் இதற்கென ஓர் அளவுகோலை அமைத்தபோது, உயர்ந்த தரத்தை ஒரு கூறாகவும், தவறு குறித்த கவலையையும் செய்ததைப் பற்றிய ஐயத்தையும் வேறு வேறு கூறுகளாகவும் வைத்தார்கள். கணக்கரை உறங்கவிடாமல் செய்வது தரம் அன்று. பின்னால் சொன்ன இரண்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் காட்டப்பட்ட எரிவாயு அடுப்பைச் சிலரைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்கச் செய்து, கடைசியாகச் சரிபார்த்ததைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுடைய நினைவில் பிழை கூடவில்லை. ஆனால் நினைவின் தெளிவும் அதன்மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையும் குறைந்துபோயின. அதாவது நம்பிக்கை இல்லாததால் சரிபார்க்கிறோம், சரிபார்ப்பதால் நம்பிக்கை மேலும் தேய்கிறது.

குன்னூர் மருந்தாளுநர்:

திரையில் தெரியும் அடுப்பும் கையில் இருக்கும் பேரேடும் ஒன்றல்ல, ஐயா. அடுப்பு அணைந்திருக்கிறதா என்பது ஒரே பார்வையில் முடிகிற காரியம். முந்நூறு வரிகள் உள்ள ஒரு பக்கத்தில் இரண்டாம் பார்வையில் பிழை அகப்படுகிறது, எனக்கே அகப்பட்டிருக்கிறது. சோதனையில் வந்த முடிவை எடுத்து அப்படியே அலுவலக மேசையில் வைத்துவிட முடியாது.

பழைய டீமேக்கர்:

நான் படித்தவன் அல்லன். மஞ்சூர்ப் பக்கம் முப்பத்திரண்டு ஆண்டுகள் தேயிலை வடித்தவன். என் வேலையில் மூன்றாம் முறை பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வாட்டிய இலை, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளில் அரைபட்டு வெளியே வந்ததும் காற்றுப்பட்டு நிறம் மாறத் தொடங்கும். பச்சை போய்ச் செம்புக்காசின் நிறம் வரும். பச்சிலை வாடை மாறி, பழம் கனிந்ததுபோல் ஒரு மணம் எழும்பும். அந்த மணம் எழும்பிய நேரத்தில் டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். சூடு பட்டால்தான் அந்த மாற்றம் நிற்கும். கொஞ்சம் முந்தினால் சாயத்தில் பச்சை அடிக்கும், கொஞ்சம் பிந்தினால் உயிர் இல்லாமல் சப்பென்று போகும். அன்றைய குளிரும் ஈரமும் எப்படியோ அப்படி நேரமும் கூடும், குறையும். ஆகவே கடிகாரத்தை மட்டும் நம்பவும் முடியாது.

ஒரு பிடி தூளை அள்ளி முகர்வோம். இரண்டாம் முறை முகரலாம். மூன்றாவது, நான்காவது என்று போனால் மூக்கு மரத்துப்போய், முதலில் தெரிந்த மணமும் தெரியாமல் போய்விடும். ஆசிரியர் சொன்ன அடுப்புக் கதை எனக்கு இப்படித்தான் புரிகிறது.

நானும் தவறவிட்டிருக்கிறேன். ஓர் இரவு டிரையர் கோளாறு செய்து, ஒரு தொட்டித் தூள் வேண்டிய நேரத்துக்கு மேல் கிடந்துவிட்டது. அதை நல்ல தூளோடு கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று உடனிருந்தவர் சொன்னார். குன்னூர் ஏலத்துக்குப் போகிற சரக்கு. சுவை பார்க்கிறவர் ஒரு மிடறு உறிஞ்சித் துப்பியதும் சொல்லிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். தனியாக மூட்டை கட்டி, விடிந்ததும் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டினார். அவ்வளவுதான். சொல்லிவிட்ட தவறு இரவில் வந்து எழுப்புவதில்லை, தம்பி.

கட்டபெட்டு விவசாயி:

எல்லாரும் கணக்கரின் தூக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த 90 கிலோ உங்களுக்கு எண். எங்களுக்கு அந்த மாதத்து உரக் கடன். ஆகவே தவறு இயல்பு, விட்டுவிடுங்கள் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேயிலை வாரியம் மாதந்தோறும் விலையை அறிவித்த பிறகும் எங்கள் தொழிற்சாலையில் பணம் வர நான்கு நாள், ஐந்து நாள் ஆகிறது. கேட்டால், கணக்கு இன்னும் சரிபார்க்கப்படுகிறது என்கிறார்கள். மூன்றாம் முறை சரிபார்ப்பதற்கு ஆகும் செலவைக் கட்டுவதும் நாங்கள்தான்.

உங்கள் பயத்துக்கு மருந்து என் கையில் இருக்கிறது. நாள்தோறும் எடைச் சீட்டு எனக்குக் கொடுங்கள், மாதம் பாதியில் என் பக்கத்தை எனக்குக் காட்டுங்கள். என் இலையின் எடையை என்னைவிட அக்கறையாக யார் பார்க்கப் போகிறார்? நீங்கள் ஒருவரே பூட்டிய அறைக்குள் மூன்று பேராக இருந்து பார்க்க வேண்டியதில்லை.

கோத்தகிரிக் கணக்கர்:

விவசாயி ஐயா சொன்னது சுட்டது. ஆனால் சரியான இடத்தில் சுட்டது. நானும் ஒரு வேலை செய்தேன். முதல் முறைக்கு நீலம், இரண்டாம் முறைக்குச் சிவப்பு, மூன்றாம் முறைக்குப் பச்சை என்று பென்சிலால் குறியிடுவது என் வழக்கம். கடந்த பதினான்கு மாத ஏடுகளை எடுத்து, திருத்தம் விழுந்த இடங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் முப்பத்தொன்று. இருபத்தாறு நீலத்தில், ஐந்து சிவப்பில். பச்சையில் ஒன்றுகூட இல்லை.

அவற்றில் பதினெட்டு, இலக்கம் இடம்மாறிய பிழைகள். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம்மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். 54-க்கும் 45-க்கும் 9, 540-க்கும் 450-க்கும் 90. கூட்டல் இடிக்கும்போது வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்த்தாலே பாதிப் பிழைகள் எங்கே என்று தெரிந்துவிடும். இவ்வளவும் தெரிந்த நான், பச்சைப் பென்சிலில் எதுவும் சிக்கவில்லை என்றதும் நிம்மதி அடைவதற்குப் பதிலாக, சரியாகப் பார்க்கவில்லையோ என்று நான்காம் முறை பார்க்கத் துடிக்கிறேன். இதைப் பொறுப்பு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உதகை உளவியல் ஆசிரியர்:

நீங்கள் எண்ணிய அந்த எண்ணிக்கைதான் சிகிச்சையின் முதல் படி. எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சையில் இதையே கொஞ்சம் முறைப்படுத்திச் செய்வார்கள். இரண்டாம் முறையோடு ஏட்டை மூடுங்கள். மூடும்போது என்ன நடந்துவிடும் என்று அஞ்சுகிறீர்களோ அதையும், அந்த அச்சம் பத்தில் எத்தனை என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறுவாரம் என்ன நடந்தது என்று அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் சில நாள்கள் அச்சம் ஏறும். ஏறியபோது ஏட்டைத் திறக்காமல் இருந்தால், தானே இறங்குவதையும் பார்ப்பீர்கள். தனியே முடியவில்லை என்றாலோ உறக்கம் கெடுவது நீடித்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எடை மேடையில் நடந்ததையும் சும்மா கடந்துவிடக் கூடாது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகளோ அவற்றில்தான் அதிகமாக இருந்தன. அங்கே பிழைகள் கூடுதலாக நடக்கவில்லை, கூடுதலாக வெளியே சொல்லப்பட்டன என்பது அவர் கண்ட விளக்கம். பலர் முன்னால் அவமதிக்கப்பட்டவர் அடுத்த பிழையைச் சொல்வாரா, மறைப்பாரா?

குன்னூர் மருந்தாளுநர்:

அந்த மேலாளர் செய்தது தவறு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் மருந்தகத்தில் நூலிழையில் தப்பிய தவறுகளுக்கென்றே ஒரு நோட்டு இருக்கிறது. போன மாதம் அதில் என் கையெழுத்தில் இரண்டு பதிவுகள். பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு மாத்திரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கை தவறான பெட்டிக்குப் போய்த் திரும்பியது. எழுதி வைத்தேன், மறுநாளே ஒரு பெட்டி வேறு அலமாரிக்குப் போய்விட்டது. என் கையை நான் திட்டிக்கொண்டிருந்தால் பெட்டி அங்கேயே இருந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆசிரியரிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இரண்டு முறை போதும் என்று யார் தீர்மானிப்பது? மெத்தோட்ரெக்சேட் சீட்டு வந்தால் நான் பார்த்து, இன்னொருவர் பார்த்து, வாங்க வந்தவரிடம் எந்தக் கிழமை என்று சொல்லச் சொல்லி, அதன் பிறகுதான் உறை கைமாறும். இருமல் மருந்துக்கு அத்தனை இல்லை. கேட்டின் அளவைப் பார்த்து எத்தனை முறை என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்கிறோம். எனக்கு மனது இன்று தெளிவாக இருக்கிறதா என்பது அதில் சேர்த்தி இல்லை. எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று பொதுவாகச் சொல்வது ஆபத்து.

உதகை உளவியல் ஆசிரியர்:

பொதுவாகச் சொல்லவில்லை அம்மா, கணக்கருக்குச் சொன்னேன். எனினும், எண்ணிக்கையை வேலைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னதை என் மாணவர்களுக்குச் சொல்லப்போகிறேன். பயம் இல்லாவிட்டால் கண் போய்விடும் என்பதை மட்டும் இப்போதும் நான் ஏற்கவில்லை. உங்கள் மருந்தகத்தில் உறையைக் காப்பாற்றுவது அந்த ஏற்பாடு.

குன்னூர் மருந்தாளுநர்:

ஏற்பாட்டை உண்டாக்கியது பயம்தானே, ஐயா. இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம்.

கோத்தகிரிக் கணக்கர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இந்த மாதம் இரண்டாம் முறையோடு ஏட்டை மூடினேன். மேலாளரிடம் அனுமதி கேட்டு, மாதம் பாதியில் ஒரு நாள் சன்னலைத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் பக்கத்தைக் காட்டினேன். நாற்பது பேர் வந்தார்கள். ஒரு பிழை அகப்பட்டது: ஈரத்துக்கான கழிவு ஒருவருக்குப் பதிலாக, அதே பெயரும் அதே முதலெழுத்தும் உள்ள இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தது. அவர் சீட்டை நீட்டினார், நான் திருத்திக் கையொப்பமிட்டேன், நான்கு நிமிடங்களில் முடிந்தது. கை நடுங்கியது உண்மை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலை அந்த ஒரு பக்கத்தை மட்டும் மூன்றாம் முறை பார்த்தேன்.

பழைய டீமேக்கர்:

மீதிப் பக்கங்களை?

கோத்தகிரிக் கணக்கர்:

பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், ஐயா. பேருந்தில் வரும்போது இரண்டு முறை நினைவு வந்தது. தாளில் ஆறு என்று எழுதினேன், படுக்கும்போது மூன்று.

கட்டபெட்டு விவசாயி:

சன்னலைத் திறந்ததற்கு நன்றி. அந்தப் பெயர்க் குழப்பம் எந்தப் பென்சிலுக்கும் அகப்படாது, ஏனென்றால் கூட்டல் இடிக்காது. எங்கள் பக்கம் ஒரே பெயரில், ஒரே முதலெழுத்தில் ஓர் ஹட்டிக்கு, அதாவது ஒரு சிற்றூருக்கு, மூன்று பேர் இருப்போம். அடுத்த மாதத்திலிருந்து பெயருக்குப் பக்கத்தில் தகப்பனார் பெயரை முழுவதுமாக எழுதி, ஹட்டியின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.