டேப் பேக்கப் வேகம் குறைவு: அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் அலுவலகத்தில் எல்.டி.ஓ-8 டேப் டிரைவ் (தரவைக் காந்த நாடாவில் பதிந்து வைக்கும் கருவி) ஒன்றைப் பயன்படுத்துகிறோம். 2011 டிசம்பரில் தானே புயலால் இந்த ஊர் பட்ட பாட்டைக் கண்டவன் என்பதால், வாரம் ஒரு டேப்பைப் புதுச்சேரிக் கிளைக்கு அனுப்பிவைப்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சுருக்கம் இல்லாமலேயே நொடிக்கு 360 மெகாபைட் வரை எழுதக்கூடிய டிரைவ், எங்களிடம் 90-ஐத் தாண்டுவதில்லை. அருகில் நின்றால், டேப் ஓடி, நின்று, சற்றுப் பின்னால் சுற்றி, மீண்டும் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. தரவு ஒரு கிகாபிட் நெட்வொர்க் வழியாக வருவதால், டேப் நிற்காமல் ஓடத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்குக்கூட ஈடுகொடுக்க முடியவில்லை என்றே நினைக்கிறேன். இப்படி இழுபட்டால் டேப்பும், அதில் எழுதிப் படிக்கும் ஹெட்டும் தேய்ந்துவிடுமே என்பதுதான் என் பெரிய கவலை.

டேப்பின் உறையில் 30 டெராபைட் (சுருக்கி எழுதினால் கிடைக்கும் அளவு) என்று இருந்தாலும், எங்கள் ஸ்கேன் ஆவணங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் 12 டெராபைட்டிலேயே டேப் நிறைந்துவிடுகிறது. அதில் குறையில்லை.

பேக்கப் சர்வரிலேயே எஸ்.எஸ்.டி. வைத்து, தரவை முதலில் அதில் சேர்த்துப் பிறகு டேப்புக்கு எழுதுவது நல்லதா, 10 கிகாபிட் நெட்வொர்க்குக்கு மாறுவது நல்லதா? இரண்டில் ஒன்றுக்கே இவ்வாண்டு பணம் இருக்கிறது. பிளாக் அளவை (டேப்பில் ஒரு தடவைக்கு எழுதும் தரவுத் துண்டின் அளவு) 64 கிலோபைட்டிலிருந்து 256 ஆக உயர்த்தினால், பழைய டேப்புகளைப் படிப்பதில் சிக்கல் வருமா என்பதையும் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.