சிறுநீரகம் மாற்றியவருக்குக் காலில் தடிப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு அப்பா பத்து வருடத்துக்கு மேல் நன்றாகவே இருக்கிறார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. இப்போது குதிகால் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு தடிப்பு. மேலே செதில் உரிகிறது, செருப்பு உரசினால் ரத்தம் கசிகிறது. "கால் ஆணிதான், விடு" என்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தரும் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதிலும் அவர் சாப்பிடும் அசாதயோபிரின், வெயில் தோலை எளிதில் பாதிக்கும்படி செய்துவிடும். வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். ஆனால் நம் நிறத்தவர்களுக்கு வெயிலே படாத பாதத்திலும் தொடை இடுக்கிலும்கூட வரலாம். அங்கெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். பயாப்சி (தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது) எடுத்தவர்கள் இருந்தால், காலில் புண் ஆற எவ்வளவு நாள் ஆனது? யாருக்காவது அசாதயோபிரினை நிறுத்தி, நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான சிரோலிமஸ் கொடுத்தார்களா? வாய்ப்புண், சிறுநீரில் புரதம் என்று தொல்லை வந்ததா? மதுரைப் பக்கம் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துப் பழகிய தோல் மருத்துவர் இருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், மாத்திரையை நிறுத்தச் சொல்லியோ நாட்டு மருந்து பூசச் சொல்லியோ தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.